தள்ளுவண்டியைக் கல்லாக வரைந்ததைத் திருத்தக் கோருதல்

அனுப்புநர்:
முத்தம்மா, வயது 67,
க/பெ. காலஞ்சென்ற பெரியண்ணன்,
இட்லித் தள்ளுவண்டி,
நாலாவது செக்டார் பின்புற பஸ்தி,
ஆர்.கே.புரம், புது தில்லி.

பெறுநர்:
திரு. ராஜாராமன் அவர்கள்,
தலைமைப் பொறியாளர்,
சாலைக் கணிப்புப் பிரிவு, புது தில்லி.

பொருள்: கம்ப்யூட்டர் சாலைப் படத்தில் என் வண்டியை வாகனமாகவும் சேர்க்காமல் ஆளாகவும் சேர்க்காமல் தடையாகக் காட்டியிருப்பது, அதை நம்பி நடுத்தடுப்புத் திறப்பை அடைக்க இருப்பது, நிறுத்தக் கோருவது.

பார்வை: 8.2.2026 ஞாயிறு, சமுதாயக் கூடத்தில் தாங்கள் திரையில் காட்டிய படம்.

மரியாதைக்குரிய ஐயா அவர்களுக்கு வணக்கம்.

1. நான் மூன்றாவது வரை படித்தவள். இந்தி பேசுவேன், எழுத வராது. தங்கள் பெயரைக் கேட்டு நம்ம ஆள் என்று தெரிந்ததால் தமிழில் எழுதுகிறேன். அன்று கூட்டத்தில் நான் தமிழில் கேட்டதற்குத் தாங்கள் இந்தியில் “மாஜி, பைட்டியே” என்றீர்கள். உட்கார்ந்துவிட்டேன். அதை மன்னித்தாகிவிட்டது. மறக்கவில்லை.

2. இருபத்தாறு வருஷமாகக் காலை ஐந்தே முக்காலுக்குக் குடிசைகள் நிறைந்த எங்கள் பஸ்தியிலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு, எல்லாரும் ‘கட்’ என்று சொல்கிற நடுத்தடுப்புத் திறப்பின் வழியாகப் பெரிய சாலையைக் கடந்து எதிர்ப்பக்க ஆபீஸ் கேட்டுக்குப் போகிறேன். வண்டியில் அடுப்பு, சிலிண்டர், இரண்டு குடம் தண்ணீர், மாவு, சாம்பார் அண்டா. இதுவரை ஒரு காரையும் நான் இடித்ததில்லை. இரண்டு கார் என்னை இடித்திருக்கின்றன. இரண்டின் நம்பரும் மனப்பாடம், கேட்டால் தருகிறேன்.

3. கூட்டத்தில் தாங்கள் காட்டிய படத்தில் கார் நீலப் புள்ளி, பஸ் பச்சை, ஆட்டோ மஞ்சள், நடக்கிறவர்கள் சிவப்பு என்று எறும்பு மாதிரி ஓடின. மெட்ரோவுக்குக்கூட ஒரு ஊதாக் கோடு. அழகாகத்தான் இருந்தது. ஆனால் நான் நிற்கிற இடத்தில் ஒரு கறுப்புச் சதுரம். லேப்டாப் வைத்திருந்த மாதுரி மேடத்திடம் அது என்ன என்று கேட்டேன். “அது தடை ஆன்டி, சாலை அகலத்தைக் குறைக்கிறது” என்றார். “அது நான்தான்” என்றேன். நல்ல பெண். படத்தை ஒருமுறை, என்னை ஒருமுறை பார்த்துவிட்டு ஸாரி சொன்னார்.

4. அவர் விளக்கிச் சொன்னது: சாலையில் போகிற ஒவ்வொரு வகைக்கும் கம்ப்யூட்டரில் ஒரு பெயர் வைத்து, அது எந்தக் கோட்டில் போகலாம், என்ன வேகத்தில் போகும் என்று சொல்லிக் கொடுக்க வேண்டுமாம். பெயர் இல்லாதது ஓடாது. ஓடாதது தடை. நான் விடவில்லை, “ஏதாவது ஒரு பெயரில் என்னைப் போட்டுப் பாரம்மா” என்றேன்.

நடக்கிற ஆளாகப் போட்டார். புள்ளி நேரே நடைமேம்பாலத்தில் ஏறியது. அங்கே ஐம்பத்திரண்டு படி. அத்தனை படியும் சாம்பார் அண்டாவோடு ஏறினேன், ஒரு சொட்டு சிந்தவில்லை. பிறகு வாகனமாகப் போட்டார். கார்களோடு சேர்ந்து ஒன்றரை கிலோமீட்டர் போய் யூ-டர்ன் அடித்தேன். என் பின்னால் மேம்பாலம் வரைக்கும் ஒரு நீலப் புள்ளிகூட நகரவில்லை. கூடமே சிரித்தது. பெரிய பெரிய காரை எல்லாம் நிறுத்தி வைத்ததில் எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். அப்போதுதான் தாங்கள் என்னை உட்காரச் சொன்னது.

5. அந்தத் திறப்பு வழியாக யாரும் போகலாம் என்று கம்ப்யூட்டருக்குத் தாங்கள் சொல்லவே இல்லை. அதனால் அதில் ஒரு புள்ளியும் போகவில்லை. ஒரு புள்ளியும் போகாததால் ‘பயன்பாடு இல்லை’ என்று எழுதி, மார்ச் 2ஆம் தேதி கான்கிரீட் போட நோட்டீஸ் ஒட்டிவிட்டீர்கள். என் மாமியாரும் இப்படித்தான். என்னைச் சாப்பிடக் கூப்பிடவே மாட்டாள். இவளுக்குப் பசியே எடுப்பதில்லை என்று தெருவெல்லாம் சொல்லுவாள்.

6. முன்னால் வந்தவர்கள் இவ்வளவு மோசமில்லை. 2010இல் கட்டம் போட்ட சட்டை போட்ட ஒருவர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வண்டிகளை எண்ணினார். என் வண்டிக்குத் தாளில் இடமில்லை என்று மாட்டு வண்டிக் கட்டத்தில் கோடு போட்டார். “மாடு எங்கேய்யா?” என்று கேட்டதற்கு என்னையே பார்த்தார். அன்றைக்கு இரண்டாவது சட்னி அவருக்குக் கிடைக்கவில்லை. 2017இல் வந்தவர் சைக்கிள் ரிக்ஷாவில் சேர்த்தார். ஆக, பதினாறு வருஷத்தில் மாடாக இருந்து, ரிக்ஷாவாகி, தங்கள் காலத்தில் கல்லாகிவிட்டேன். மாடாக இருந்தபோதாவது நகர்ந்தேன்.

7. நானே எண்ணினேன். பிப்ரவரி 10 முதல் 16 வரை, காலை ஆறிலிருந்து ஒன்பது வரை, அந்தத் திறப்பில் போன ஒவ்வொரு வண்டிக்கும் பழைய இட்லித் துணியில் கரியால் ஒரு கோடு. இஸ்திரி வண்டி, பழைய சாமான் வாங்குகிற கபாடி வண்டி, காஸ் சிலிண்டர் சைக்கிள், காய்கறி வண்டி, கால் வராத செல்வராஜின் மூன்று சக்கர வண்டி. ஏழு நாளில் இருநூற்றுத் தொண்ணூற்று மூன்று. துணியை இத்துடன் இணைத்துள்ளேன். துவைத்த துணிதான்.

8. திறப்பை அடைத்தால் எனக்குப் பிழைப்பு இல்லை. பஸ்தியிலேயே விற்கக் கூடாதா என்று கேட்பீர்கள். பஸ்தியில் வீட்டுக்கு வீடு இட்லிப் பானை இருக்கிறது. நானும் நர்சிங் படிக்கிற பேத்தி அம்பிகாவும் சாப்பிடுவது ஆபீஸ் கேட்டில் நிற்கிறவர்களின் பசியில். அவர்கள் சாலை தாண்டி வர மாட்டார்கள், அவர்களுக்கு நேரத்துக்கு ஆபீஸில் பஞ்ச் அடிக்க வேண்டும்.

9. ஆகவே தள்ளுவண்டிக்குக் கம்ப்யூட்டரில் தனிப் பெயரும், தனி நிறமும், அந்தத் திறப்பு வழியாக ஒரு கோடும் போட உத்தரவிட வேண்டும். வேகம் நான் சொல்கிறேன்: போகும்போது ஆள் நடையில் பாதி, காலி அண்டாவோடு திரும்பும்போது முக்கால். நிறம் தங்கள் இஷ்டம், கறுப்பு வேண்டாம்.

10. படம் சரிதானா என்று சாலைக்கு ஆள் அனுப்பிச் சோதிப்பது வழக்கம் என்று மாதுரி மேடம் சொன்னார். அந்த ஆளாகத் தாங்களே வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வருகிற 24ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரைக்கு வண்டியை நிரப்பித் தயாராக வைத்திருப்பேன். தாங்கள் தள்ளுங்கள், நான் பக்கத்தில் வருகிறேன். படியில் ஏற்றினாலும் சரி, யூ-டர்ன் போனாலும் சரி, திறப்பு வழியாகப் போனாலும் சரி, வாயைத் திறக்க மாட்டேன். எந்த வழியில் சாம்பாரை ஆபீஸ் கேட்டில் கொண்டு சேர்க்கிறீர்களோ, அந்த வழியைக் கம்ப்யூட்டரில் எழுதிவிட்டு மற்ற இரண்டையும் அடைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியின் கைப்பிடியிலிருந்து,
முத்தம்மா

இடம்: ஆர்.கே.புரம்
நாள்: 18.2.2026

இணைப்பு: இட்லித் துணி ஒன்று.