நான் நல்லதென்று சொன்ன பர்கண்டி

மச்சான்,

காலையில் பெய்த மழையில் வெள்ளவத்தை வீட்டு பல்கனியில் அடுக்கியிருந்த காட்போட் பெட்டிகள் நனைந்துவிட்டன. எறிவதற்காகத் தூக்கினேன். ஈர அட்டையின் அந்த மணம் மூக்கில் ஏறியதும் அப்படியே கீழே வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். உன்னைப் பொரளை மயானத்தில் எரித்துவிட்டு வந்து ஒரு வருடமாகிறது. உயிரோடு இருந்தபோது நீ என்னைக் கதைக்க விடவேயில்லை.

நாம் இருவரும் வைன் பரிமாறிய அந்த ஹோட்டலில், பழைய கொடிகளின் திராட்சையில் செய்த வெள்ளைப் பர்கண்டி வைனை ஊழியர்களுக்கு முதன்முதலாக ருசி பார்க்கத் தந்தார்கள். நான் ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு, "புளிக்குதடா" என்றேன். நீ குடிக்கவில்லை. கிளாஸை உள்ளங்கையில் ஏந்தி, குளிர் குறையும்வரை காத்திருந்தாய்.

"இப்பக் குடி. அவசரப்படாத."

எலுமிச்சைத் தோல், பச்சை முந்திரிப் பருப்பு, மழை விழுந்த கருங்கல் என்று நீ ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எனக்கும் அவை ஒவ்வொன்றாகத் தெரிந்தன. விழுங்கிய பிறகும் ருசி நாக்கை விட்டுப் போகவில்லை. "வயசான கொடி, காய்ப்புக் கம்மி. அதான் ருசி இவ்வளவு கெட்டியா இருக்கு," என்றாய். பண்டாரவளைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்த உன் மூக்கைப் பார்த்து அன்று நான் பொறாமைப்பட்டேன். அதையும் உன்னிடம் சொன்னதில்லை.

பிறகு அந்த மத்தியான விருந்து. மேலாளரே பெரிய மனிதர்கள் நாலு பேரைக் கூட்டிவந்து, அந்தப் பர்கண்டியைப் புகழ்ந்து தள்ளிக்கொண்டிருந்தார். இருந்தது ஒரே போத்தல். நீ திறந்து, கொஞ்சம் ஊற்றி, மணந்து பார்த்தாய்.

"சேர், தக்கையால கெட்டுப்போயிருக்கு. இதைக் குடுக்க ஏலாது."

மேலாளரின் முகம் சிவந்தது. என்னைக் கூப்பிட்டார். "நீர் மணந்து பாரும்."

மணந்தேன். எலுமிச்சை இல்லை, முந்திரி இல்லை. தக்கை கெடுத்த வைனில் வரும் ஈர அட்டை மணம் மட்டும்தான். எனக்கு ஐயமே இருக்கவில்லை. ஆனால் அந்த மாதம்தான் வைன் பகுதிக்குத் தலைவராக நம் இருவரில் ஒருவரைப் போடப் போகிறார்கள் என்று கதை அடிபட்டது.

"நல்லாத்தான் இருக்கு சேர்," என்றேன்.

நீ என்னை ஒரு தரம் பார்த்தாய். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். அடுத்த கிழமை உன்னைக் கல்யாண மண்டபத்தில் கதிரை அடுக்கும் வேலைக்கு மாற்றினார்கள். தலைவர் வேலை எனக்குக் கிடைத்தது.

அதன்பிறகு எத்தனை முறை கொட்டாஞ்சேனைக்கு உன் வீடு தேடி வந்தேன்! "மச்சான், அண்டைக்கு நான்..." என்று தொடங்குவேன். "விடு மச்சான், ஒரு போத்தல்தானே. தேத்தண்ணி ஆறுது, குடி," என்று கிரிக்கெட்டுக்குப் பேச்சை மாற்றிவிடுவாய். உன் மனைவி பிஸ்கட் கொண்டுவந்து வைப்பாள். நான் குடித்துவிட்டு பஸ் ஏறுவேன். நீ என்னை மன்னித்தாயா, இல்லை, கேட்கவே விருப்பமில்லையா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஒரு தரமாவது ஏசியிருக்கலாமேடா! நெஞ்சு நோகிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன், அதற்கும் வழி வைக்காமல் போய்விட்டாய்.

இப்போதும் அந்தப் பர்கண்டியை ருசி பார்க்கிறேன். விருந்தாளிகளிடம் எலுமிச்சைத் தோல் என்கிறேன், முந்திரி என்கிறேன், கருங்கல் என்கிறேன். எல்லாம் உன் சொற்கள். எனக்கென்று ஒரு சொல்லும் வருவதில்லை. அது எரிச்சலாக இருக்கிறது.

போத்தல் கெட்டிருந்தால், யாருடைய மேசையானாலும் இன்று சொல்லிவிடுகிறேன். போன மாதம் புது மேலாளர் ஊழியர் கூட்டத்தில் என்னை எழுப்பி, "இவருக்குப் பொய் சொல்லத் தெரியாது," என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். உன் பெயர் வாய்வரை வந்தது.

"தேங்க்ஸ் சேர்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.