வாயுத் தொல்லை என்றவர்

சிதம்பரம். ஆவணி, வியாழன் இரவு.

மஞ்சக்குப்பத்தில் இன்று இதயநோய் மருத்துவர்களின் கூட்டம். அவர்களுக்கு இனி எவற்றில் பயிற்சி தேவை என்று கேட்டறிவது, ஓய்வுபெற்ற இதய மருத்துவரான என் பொறுப்பு. எல்லோரும் புதிய கருவிகளையே கேட்டார்கள். நெஞ்சுவலி இல்லாமலும் வரும் பெண்களின் மாரடைப்பை அடையாளம் காண்பதே முதல் வகுப்பு என்றேன்.

"அதெல்லாம் படிச்சிட்டுத்தான மேடம் வந்திருக்கோம்" என்று சிரித்தார் ஓர் இளைஞர். போன மாதம் முதுகுவலியும் தாடைவலியுமாக, மருத்துவர் என்று சொல்லிக்கொள்ளாமல் போய் நின்ற என்னை, ஈசிஜிகூட எடுக்காமல், "கேஸ் ட்ரபுள்தாம்மா, வயசாயிடுச்சில்ல" என்று திருப்பி அனுப்பியவர் அவர்தான். மறுநாள் வேறு மருத்துவமனையில் மாரடைப்பு என்று கண்டு, அடைபட்ட இரத்தக்குழாயில் எனக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். இன்றும் அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

கூட்டம் கலைந்ததும் அமைப்பாளர் கெஞ்சினார்.

"டாக்டருங்க சங்கடப்படுவாங்க மேடம். அந்தத் தலைப்ப வுட்டுடலாமே?"

"சங்கடத்துல யாரும் சாவ மாட்டாங்க சார். கேஸுன்னு அனுப்புனா சாவாங்க."

தலைப்பை விடப்போவதில்லை. முதல் வகுப்பில் நோயாளியாகக் கட்டிலில் நானே படுத்துக்கொள்வேன். சோதிக்க அந்த இளைஞரையே அழைப்பேன். தாடை வலிக்கிறதா என்று அவராகவே கேட்கும்வரை எழுந்திருக்க மாட்டேன்.