எதிர்ப்பக்கம் நிற்கும் கொக்கு

மார்ச் 4, செவ்வாய்

காலைப் பயிற்சிக்குப் போனால் பலகையில் ஜோடிகள் மாறியிருந்தன. கொக்குக்குப் பக்கத்தில் என் பெயர் இல்லை.

கோச்சிடம் கேட்டேன். "ஒரு மாற்றம் வேணும்ல" என்றார், ஏதோ ஜன்னல் திரையை மாற்றுவது போல. பதினோரு வருடமாக நானும் கொக்கும் பேட்மிண்டனில் இரட்டையர் ஆடுகிறோம். நெட்டுக்குப் பக்கத்தில் நான், பின்னால் அவள். கொக்கு என்பது அவள் உயரத்துக்கு பயிற்சி முகாமில் வைத்த பெயர். அடிப்பாள், அது தவிர ஒன்றும் தெரியாது. தலைக்கு மேல் வருகிற ஷட்டில் கோட்டுக்குள் விழுமா, வெளியே போகுமா என்று பார்க்கிற புத்தி அவளுக்குக் கிடையவே கிடையாது. அதைப் பார்ப்பது நான். வெளியே போகிறதென்றால் "விடு!" என்று கத்துவேன், ராக்கெட்டை இறக்கிவிடுவாள். இப்படி நான் சம்பாதித்துக் கொடுத்த புள்ளிகளில்தான் அம்மணி ஸ்மாஷ் ராணியாக வலம் வருகிறாள்.

இனி அவளோடு ஆடப்போவது கோச்சின் செல்லப்பிள்ளை ஒருத்தி. எனக்குக் கிடைத்திருப்பது போன வருடம்வரை ஜூனியர் பிரிவில் ஆடிக்கொண்டிருந்த ஒரு குழந்தை.

கொக்கு என்ன சொன்னாள்? குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள். அவ்வளவு நேரம் என்ன, லேஸ் கட்டினாளா, அணை கட்டினாளா?

மார்ச் 6, வியாழன்

புது ஜோடியின் வாயில் ஒரே வார்த்தை: "சாரிக்கா." ஷட்டிலை விட்டால் சாரிக்கா, அடித்தால் சாரிக்கா, நான் அவளை இடித்தாலும் அவள்தான் சாரிக்கா. பெயரும் அதையே வைத்துவிட்டேன்.

மார்ச் 15, சனி

தேர்வுப் போட்டியின் இறுதி ஆட்டம் ஏப்ரல் 12. ஜெயிக்கிற ஜோடிக்குத்தான் தேசிய அணியில் இடம். மற்றவர்களுக்குக் கைகுலுக்கலும் ஒரு குழுப் படமும்.

எனக்கு இன்னொன்றும் உண்டு. விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த வங்கி வேலை. ஆடுகிறவரை எப்போதாவது போய்க் கையெழுத்துப் போட்டால் போதும். அணியில் இடம் போனால் கவுண்ட்டரில் உட்கார வேண்டும். மேலாளர் இன்று போனில் பாசம் பொழிந்தார். "கவலையே படாதீங்க, உங்களுக்கு ஒரு நாற்காலி ரெடியா இருக்கு." என்ன கருணை! கால் நன்றாக இருக்கும்போதே நாற்காலியைக் காட்டுகிற கருணை.

அக்காவிடம் சொன்னேன். "நல்லதுதானேடி. வேளாவேளைக்குச் சாப்பிடலாம்" என்றாள். வீடு எரிந்தாலும் அக்கா முதலில் கேட்பது சாப்பிட்டாயா என்றுதான்.

தோற்க மாட்டேன். அந்த நாற்காலியில் மேலாளரே உட்காரட்டும்.

மார்ச் 22, சனி

கொக்கு இன்று கோர்ட்டில் சிரித்தாள், அந்தச் செல்லப்பிள்ளையோடு. பதினோரு வருடத்தில் கோர்ட்டுக்குள் அவள் பல்லை நான் பார்த்ததில்லை.

ஏப்ரல் 2, புதன்

தோளுக்கு ஐஸ் வைத்துக்கொண்டே பிசியோ சாதாரணமாகச் சொன்னார்: "ஜோடியைப் பிரிக்கச் சொல்லிக் கேட்டதே உங்க பழைய பார்ட்னர்தானாமே? உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்."

தெரியும்னு நினைச்சாராம். எனக்கு என்ன தெரியும்? பதினோரு வருஷம் ஒரே ரூம், ஒரே சோப்பு, ஒரே வாளி. இவ குறட்டைக்கு நான் காதுல பஞ்சு வச்சுக்கிட்டு தூங்கினேன். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வாய் வரல, கோச்சுகிட்ட போய்ச் சொல்ல மட்டும் வந்துச்சா? துரோகின்னு திட்டக்கூட முடியல. துரோகம் பண்ணவும் ஒரு தைரியம் வேணுமே, அது அவகிட்ட ஏது?

சாயங்காலம் பயிற்சியில் எல்லா ஷட்டிலையும் நானே பாய்ந்து அடித்தேன். சாரிக்கா ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தாள். கடைசியில் கேட்டாள்: "அக்கா, என்னை நம்பி ஒண்ணே ஒண்ணு விடுங்களேன்." பூனைக்கு வாய் முளைத்துவிட்டது. முறைத்தேன். உடனே "சாரிக்கா."

ஏப்ரல் 11, வெள்ளி

அரையிறுதியில் ஜெயித்தோம். சாரிக்கா ஒன்றும் மோசமில்லை, பயத்திலேயே வேகமாக ஓடுகிறாள். நாளை இறுதி. எதிரே யார் என்று சொல்லவும் வேண்டுமா?

கொக்கின் பலவீனம் மொத்தமும் என் கைக்குள். உயரத் தூக்கிப் பின்கோட்டுக்கு அனுப்பினால் போதும், வெளியே போவதையும் அடித்துத் தொலைப்பாள். சொல்வதற்குத்தான் நான் அந்தப் பக்கம் இருக்க மாட்டேனே!

ஏப்ரல் 12, சனி

தோத்தாச்சு. எப்படின்னு எழுத இப்ப முடியாது. எழுதினா எனக்கே சிரிப்பு வரும், அப்புறம் அழுகை வரும்.

ஏப்ரல் 13, ஞாயிறு

எழுதித் தொலைக்கிறேன்.

ஆளுக்கு ஒரு செட். மூன்றாவதில் அவர்கள் இருபது, நாங்கள் பத்தொன்பது. எங்களுக்கு ஒரு புள்ளி கிடைத்தால் ஆட்டம் நீளும், அவர்களுக்குக் கிடைத்தால் முடியும். நான் நெட்டில். பின்னாலிருந்து சாரிக்கா உயரத் தூக்கினாள். ஷட்டில் என் தலையைத் தாண்டி எதிர்க் கோர்ட்டின் பின்கோட்டுக்குப் போனது. அதன் கீழே கொக்கு பின்னால் ஓடுகிறாள், ராக்கெட் மேலே ஏறிவிட்டது. ஷட்டில் வெளியே போகிறது என்று எனக்குத் தோன்றியது.

"விடு!"

கத்தியது நான். யாரிடம்? எதிராளியிடம். பொய்யாகக் கத்தியிருந்தாலாவது தந்திரக்காரி என்று ஒரு மரியாதை இருக்கும். மனசார, அவள் நன்மைக்குக் கத்தினேன். எந்த மடச்சியாவது இப்படிச் செய்வாளா?

இதைவிடப் பெரிய மடச்சி அந்தப் பக்கம் இருந்தாள். ராக்கெட்டை இறக்கிவிட்டாள்.

ஷட்டில் கோட்டுக்குள் விழுந்தது. இத்தனை வருடம் அந்தப் பின்கோட்டை நான் கொக்கு இருக்கும் பக்கத்திலிருந்தே பார்த்திருக்கிறேன். எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் கணக்கு வேறு போலிருக்கிறது. சாரிக்கா குதித்தாள், புள்ளி எங்களுக்கென்று. அம்பயர் கையைத் தூக்கினார். எதிராளியின் கவனத்தைக் கலைத்தேனாம். ஃபால்ட், புள்ளி அவர்களுக்கு. இருபத்தொன்று. ஆட்டம் முடிந்தது.

கொக்கு நேராக அம்பயரிடம் போனாள். "அவ என்னைக் குழப்பல சார். உதவிதான் பண்ணா." கூடமே சிரித்தது. அம்பயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: "எதிர் அணிக்கு உதவி பண்றதுக்கெல்லாம் விதியில இடமில்லம்மா."

உடை மாற்றும் அறையில் அவள் மட்டும் இருந்தாள். வாழ்த்துச் சொல்ல வேண்டியவள் நான். அதற்குப் பதில் கேட்டேன். "பிரிக்கச் சொன்னது நீதானே?"

"ஆமா."

"ஏன்?"

துண்டை மடித்துக்கொண்டே சொன்னாள். "ஒரு புள்ளி போனா நீ என்னைப் பார்க்கிற பார்வை இருக்கே, அதுக்கு நீ ஒரு அறையே விட்டிருக்கலாம். ஜெயிச்சாலும் திட்டுவ. பதினோரு வருஷத்துல திட்டாம என்கிட்ட சொன்ன ஒரே வார்த்தை 'விடு'தான். அது கேட்டா என் கை தானா இறங்கிடும். இன்னிக்கும் இறங்கிடுச்சு, நான் என்ன செய்ய?"

நான் திட்டினேனா? திருத்தினேன். திருத்தாமல் இருந்திருந்தால் இவள் ஊர்ப் பூங்காவில் ஆடிக்கொண்டிருப்பாள்.

இதை அங்கேயே சொல்லியிருக்கலாம். பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மே 5, திங்கள்

நாற்காலி. ஒரு சக்கரம் ஆடுகிறது.

மூன்றாவதாக வந்த வாடிக்கையாளர் என்னையே உற்றுப் பார்த்தார். "உங்களை எங்கயோ பார்த்திருக்கேனே?" மனசுக்குள் ஒரு சின்ன வெளிச்சம். அடக்கமாகச் சிரித்தேன். "ஆங், ஞாபகம் வந்துருச்சு! செருப்புக்கடை பொண்ணுதானே நீங்க?"

மதியம் சரியான நேரத்துக்குச் சாப்பிட்டேன். அக்காவுக்குப் பரம திருப்தி.

மே 29, வியாழன்

செய்தித்தாளின் மூலையில் நான்கு வரி. வெளிநாட்டுப் போட்டியில் கொக்கும் செல்லப்பிள்ளையும் முதல் சுற்றிலேயே காலி. சாரிக்கா போன் செய்து விவரம் சொன்னாள்: கடைசிப் புள்ளியில் ஷட்டில் வெளியே போய்க்கொண்டிருந்ததாம், கொக்கு துரத்திப் போய் அடித்தாளாம்.

நான் கூத்தாட வேண்டிய நாள். ஏன் ஆடவில்லை? ஒரு சந்தோஷத்தைக்கூட ஒழுங்காகக் கொடுக்கத் துப்பில்லாதவள் இந்தக் கொக்கு.

ஜூன் 15, ஞாயிறு

அக்காவின் சதி. மாமா தொப்பையைக் குறைக்க ஞாயிறுதோறும் மாநகராட்சிக் கூடத்தில் பேட்மிண்டன் ஆடுவார். "இன்னிக்கு எதிர்ல ஆட ஆள் இல்லையாம், போயேன்டி" என்று துரத்திவிட்டாள். போனால் அங்கே கொக்கு, சுவரில் சாய்ந்துகொண்டு. அவளையும் இதே பொய் சொல்லித்தான் வரவழைத்திருக்கிறாள் அக்கா.

எதிரே மாமாவும் அவர் நண்பர் மருந்துக்கடைக்காரரும். மருந்துக்கடைக்காரருக்கு நாங்கள் யாரென்று தெரியாது. மாமா வேண்டுமென்றே சொல்லவில்லை. நானும் கொக்கும் ஒரு வார்த்தை பேசாமல் ஆடினோம். விளைவு? எங்கள் இருவருக்கும் நடுவில் ஷட்டில் வந்தபோதெல்லாம் அவள் அடிப்பாளென்று நானும், நான் அடிப்பேனென்று அவளும் நின்றோம். அது பொத்தென்று விழுந்துகொண்டே இருந்தது. தொப்பைகள் இரண்டும் ஏழு புள்ளி முன்னால்!

மருந்துக்கடைக்காரர் மூச்சு வாங்க நெட் அருகே வந்தார். "ஏம்மா, தனித்தனியா நல்லாத்தான் அடிக்கிறீங்க. ஆனா ஜோடியா ஆடணும்னா ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கணும்மா. பழகப் பழக வந்துரும்."

மாமா சிரிப்பை அடக்கப் போய்த் தண்ணீர் புரையேறி இருமினார். நான் அந்த மனிதரை ஒரு வழி பண்ணியிருப்பேன். கொக்கு முந்திக்கொண்டு, "சரிங்க சார்" என்றாள், பள்ளிப் பிள்ளை மாதிரி. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அடுத்தது நடுவுல வந்தா யாருது?"

இதையெல்லாம் அவள் என்னைக் கேட்டதே கிடையாது. நான் சொல்வேன், அவள் செய்வாள், அதுதான் வழக்கம்.

"உன்னது" என்றேன்.

வந்தது. அடித்தாள். நேராக நெட்டில் போய் மாட்டியது. மருந்துக்கடைக்காரர் கைதட்டினார். கொக்கு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் திட்டவில்லை. நெட்டிலிருந்து ஷட்டிலை எடுத்து, வளைந்த இறகை நிமிர்த்தி, அந்தப் பக்கம் போட்டேன்.