கேரவன் பந்தலுக்கு ஒரு ஹீட்டர்

அன்பு நாகவள்ளிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? பாப்பாவுக்குச் சளி விட்டதா? இங்கே சிக்னல் இல்லாததால் எழுதுகிறேன்.

குவைத்திலா குளிர் என்று சிரிக்காதே. இங்கே இப்போது குளிர்காலம், ராத்திரியில் நடுக்குகிறது; முதலாளி குடும்பம் பொழுதுபோக்கப் பாலைவனத்தில் முகாம் போட்டிருக்கிறது. அவர்களுக்குக் கேரவன் வண்டி; அதை ஒட்டிக் கட்டிய தார்ப்பாய்ப் பந்தலில் எனக்குப் படுக்கை.

போன வாரம், நீ பாப்பாவுக்குச் சாம்பிராணி போடுகிற நினைப்பில், கனல் போட்ட கரிச்சட்டியை உள்ளே வைத்துப் பந்தலை இறுக மூடிவிட்டேன். கொஞ்சம் தலை சுற்றியது, அவ்வளவுதான். முதலாளிதான் என்னை வெளியே இழுத்துப் போட்டாராம். “கோய்லா மாஃபி! கலாஸ்!”, கரியே கூடாது, இதோடு சரி என்று கத்தி, கரியை மணலில் கொட்டிவிட்டார்.

மறுநாள் கடைக்குக் கூட்டிப்போய் ஹீட்டரை என்னையே பார்த்து எடுக்கச் சொன்னார். காஸ் ஹீட்டர் சீக்கிரம் சூடாகும். ஆனால் அதுவும் நெருப்புதானே? ஜெனரேட்டர் இருப்பதால் கரண்ட் ஹீட்டரே எடுத்தேன். இனி நீ பயப்பட ஒன்றுமில்லை.

என்ன, அவர்கள் வீட்டுக்குக் கிளம்பும்போது ஜெனரேட்டரையும் நிறுத்திவிடுவார்கள்; நான் மட்டும் காவலுக்கு இங்கேயே இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் சோலைமுத்து அண்ணன் திரும்பும்போது, நீ போர்த்துகிற பச்சைப் போர்வையைக் கொடுத்துவிடு. புதுசு வாங்காதே.

அண்ணன் “யல்லா, யல்லா” என்று ஹாரன் அடிக்கிறார். முடிக்கிறேன்.

வீரபாண்டி

போர்வையைத் துவைத்துவிடாதே.