ஜெயாவுக்காக மாற்றிய புஷ்

செப்டம்பர் 11, 1987
காருக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். முன்சக்கரத்துப் புஷ் எல்லாம் போயாச்சு. இரும்புக்கு நடுவே இருக்க வேண்டிய ரப்பர் வெடித்து, பள்ளத்துக்குப் பள்ளம் டக் டக் என்கிறது. என்னைவிட நாலு வயது சின்னது இந்த வாடகை மோரிஸ். செவ்வந்தி குனிந்து, "இன்னாய்யா, உன் தம்பிக்கு மூட்டு தேஞ்சிட்ச்சா?" என்றாள். என் பெண்டாட்டி வாய்க்கு மட்டும் தேய்மானமே இல்லை.

செப்டம்பர் 13
கடைக்கார அரங்கநாதன் இரண்டு வகை எடுத்து வைத்தார். லேத்தில் கடைந்த பித்தளை புஷ், ரப்பர் புஷ்.
"பித்தளைய போடு. உன் காலத்துக்கும் வரும்."
"என் காலம் அவ்ளோ கம்மியாங்க?"
சிரித்தார். எனக்குத்தான் உள்ளே சிரிப்பில்லை. வெள்ளிமலையில் தங்கச்சி ஜெயாவுக்கு எட்டாம் மாதம். முன்னே இரண்டு கலைந்துபோனது. குலுக்காமல் கீழே கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் டாக்டரம்மா. பித்தளை உழைக்கும், ரோட்டுக் கல்லையெல்லாம் அப்படியே வயிற்றுக்கு அனுப்பும். ரப்பரே வாங்கினேன். உள்ளங்கையில் வைத்து அமுக்கிப் பார்த்தேன். இத்தனூண்டு. இதுவா மலையைத் தாங்கப் போகிறது?

செப்டம்பர் 16
ஜாக்கி போட்டுத் தூக்கி, நானே மாட்டி, நட்டெல்லாம் இறுக்கிவிட்டேன். கீழே இறக்கினால் புது மாப்பிள்ளை மாதிரி மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது கார்.

செப்டம்பர் 18
நேற்றிலிருந்து இட ஒதுக்கீடு கேட்டு மறியல். ரோடெல்லாம் மரம். ஜெயாவுக்குக் கால் வீங்குகிறதென்று ஆள் வந்து சொன்னான். கிளம்பிவிட்டேன். வழியெல்லாம் கார் முனகியது. கச்சிராயபாளையம் தாண்டி, குறுக்கே ஒரு புளியமரம்.
"வண்டி போவாது பெருசு" என்றான் மறியல்காரர்களுக்கு முன்னால் நின்ற வீரமணி.
"அது எனக்கே தெரியும்டா. நாப்பது வயசுக்காரன் பெருசா?"
முனகலுக்குக் காரணம் தேடிக் காருக்கு அடியில் நுழைந்து பார்த்தால் — அட மடையா! ரப்பர், பிழிந்த துணி மாதிரி முறுக்கிக்கொண்டிருக்கிறது. சக்கரம் தொங்கும்போது இறுக்கியிருக்கிறேன். காரில் பாரம் உட்கார்ந்த பிறகல்லவா இறுக்க வேண்டும்?
நட்டுகளைத் தளர்த்தினேன். "நாலு பேர் உள்ள குந்துங்கப்பா."
"மறியலுக்கு வந்தவன கார்ல ஏத்துறியே! யாருக்கு இவ்ளோ அவசரம்?"
சொன்னேன். நாலு பேர் ஏறி உட்கார்ந்தார்கள். ரப்பர் மூச்சு விட்டதுபோல முறுக்கு பிரிந்தது. இறுக்கினேன். பிறகு அத்தனை பேரும் தோள் கொடுத்து மரத்தை ஒரு கார் அகலத்துக்கு நகர்த்தினார்கள்.
"வரும்போது ஆரன் அடி. எடுத்துவுடுறோம்."
நான் தாண்டியதும் பழையபடி இழுத்துப் போட்டார்கள். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போனேன்.

செப்டம்பர் 19
மலையிறக்கம். பஸ் இல்லை, லாரி இல்லை. இத்தனை வருடம் ஓட்டியும் இந்த மலை பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. சக்கரம் கல்லில் ஏறுவது கண்ணுக்குத் தெரிகிறது, உடம்புக்குத் தெரியவில்லை. ஜெயா தூங்கிவிட்டாள். புளியமரத்துக்கிட்டே வந்தபோது ஆரன் அடிக்க மனம் வரவில்லை. இறங்கி நின்றேன். வீரமணியே பார்த்து, "சத்தம் போடாம தூக்குங்கடா" என்றான்.

செப்டம்பர் 20
"துடிப்பு நல்லா இருக்கு" என்றார் டாக்டரம்மா.

அக்டோபர் 21
பெண். ஜெயா என் கையில் கொடுத்தாள். என்னையே பார்த்தது.
"இன்னாய்யா, ஏதாவது கேலி பண்ணு" என்று செவ்வந்தி இடித்தாள்.
அதன் உள்ளங்காலை மெல்ல அமுக்கிப் பார்த்தேன், இத்தனூண்டு.