விரால் நம்பிய பூச்சி

மாமா,

நேற்று பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு நிச்சயம். ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருக்கும்போது மணப்பெண்ணின் தங்கை நகப்பூச்சு சீசாவைத் திறந்தாள். அந்த வாசனை வந்ததுதான் தெரியும். ஊசி எங்கே விழுந்ததென்று தெரியவில்லை. எழுந்து வெளியே வந்து புளியமரத்தில் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன். அந்தப் பெண் பின்னாலேயே ஓடி வந்தாள்.

"இன்னாக்கா, தல சுத்துதா?"

ஆமாம் என்றேன். நிச்சயம் நடக்கும் வீட்டில் வேறு எதைச் சொல்வது? அந்த வாசனை வந்தால் நீ பக்கத்தில் உட்கார்ந்து தூண்டிலுக்குப் பூச்சி கட்டுகிற மாதிரி இருக்கிறது என்று சொல்ல முடியுமா?

நம் வீட்டில் நகப்பூச்சு என் நகத்துக்கு வந்ததைவிட உன் பூச்சிகளுக்குப் போனதுதான் அதிகம். கண்ணமங்கலம் போய் வரும்போது ஒரு சீசா வாங்கி வருவாய். எனக்காக என்று சொல்லி என் கட்டைவிரலில் மட்டும் ஒரு கோடு இழுப்பாய். அதற்குப் பிறகு சீசா உன் டப்பாவுக்குள் போய்விடும். பூச்சியின் தலையில் சுற்றிய நூல் அவிழாமலிருக்க, கடைசியில் அதன் மேல் ஒரு சொட்டு.

புளியும் சாமையும் ஏற்றிக்கொண்டு மலையிறங்கி வேன் ஓட்டுகிறவனுக்கு இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று எல்லோரும் கேட்டார்கள். எனக்குத்தான் தெரியும். ஓடையில் மீன் பிடிக்க வந்த வெளியூர்க்காரர் ஒருவரை வேனில் ஏற்றிப் போனாய். அவர் போகும்போது தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சி ஒன்றை உன் கையில் கொடுத்துவிட்டுப் போனார். நீ அதை வைத்து ஒரு மீன்கூடப் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் பிளேடால் சுற்றுச் சுற்றாகப் பிரித்துத் தரையில் பரப்பினாய்.

"இதுல இன்னாமே கீது? கோழி எறகு, நூலு. நம்மகிட்ட இல்லாத கோழியா?"

அன்றிலிருந்து என் தையல் மெஷின் நூல் எதுவும் முழுசாக இருந்ததில்லை. கட்டிங் பிளேயரின் வாயில் முள்ளைக் கவ்வவைத்து, கைப்பிடியில் சைக்கிள் டியூப் ரப்பரை இறுக்கிச் சுற்றி, அதைப் பலகையில் ஆணியடித்து நிறுத்தினாய். பழைய செருப்பை வெட்டித் தலை செய்தாய். எரிந்துபோன மோட்டாரிலிருந்து செம்புக்கம்பி உருவி வயிற்றில் சுற்றினாய். சேவலின் கழுத்து இறகில் நீ கட்டிய முதல் பூச்சிகள் பார்க்க அவ்வளவு அழகு. தண்ணீரில் போட்டால் கட்டைபோல விறைத்துக்கொண்டு போகும். ஒரு மீனும் திரும்பிப் பார்க்கவில்லை.

பெட்டைக்கோழியின் வால் அடியில் இருக்கும் மெத்தென்ற இறகைக் கண்டுபிடித்த அன்று, நீ வேனைக்கூட எடுக்கவில்லை. ஊறுகாய் போடும் பெரிய கண்ணாடி ஜாடியில் தண்ணீர் நிரப்பி, பூச்சியை நரம்பில் கட்டி உள்ளே விட்டாய். தூண்டில் கயிற்றை நாம் நரம்பு என்றுதானே சொல்வோம். நீ நரம்பை இழுத்தால் இறகு ஒடுங்கியது. விட்டால் விரிந்தது.

"பாத்தியா, மூச்சு வுடுது" என்றாய். அதைவிடச் சந்தோஷமாக உன்னை நான் பார்த்ததில்லை. பிள்ளை இல்லாத வீட்டில் அந்த ஜாடியைச் சுற்றித்தான் நாம் உட்கார்ந்து சிரித்தோம்.

உனக்கு ஒரே ஒரு மீன்தான் வேண்டும். ஓடைத் தடுப்பணைக்குப் பின்னால் தேங்கிய தண்ணீரில் இருந்த அந்த விரால். மண்புழுவையும் தவளையையும் போட்டு ஊரே பார்த்துவிட்டது. அது கிட்டே வரும், பார்க்கும், திரும்பிவிடும். "எல்லாரும் அத்த ஏமாத்தப் பாக்குறானுங்க. அதுக்குத் தெரிஞ்சிப்புடுது" என்பாய்.

அப்புறம்தான் உன் விரலிலிருந்து நூல் நழுவ ஆரம்பித்தது.

முதலில் நீ சிரித்தாய். கையில் எண்ணெய்ப் பிசுக்கு என்றாய். பிறகு சோற்றைப் பிசைய முடியவில்லை. ஒருநாள் வேன் சாவியைத் திருகவே முடியாமல் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். உன் தம்பிதான் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தான். வேலூர் டாக்டர் நமக்குப் புரியும்படி மெதுவாகத்தான் சொன்னார். மூளையிலிருந்து கை காலுக்கு வருகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகின்றன, நிறுத்த மருந்தில்லை. நரம்பு என்ற சொல்லை அதுவரை நம் வீட்டில் தூண்டிலுக்கு மட்டுமே சொல்லியிருந்தோம்.

"பேச்சு?" என்று கேட்டாய்.

"அதுவும் போகும். கடைசியில் மூச்சு" என்றார்.

வீட்டுக்கு வந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவன் படுத்தவன்தான். கஞ்சி கொண்டுவந்தால் வாயைத் திறக்கமாட்டாய். கெஞ்சினேன். திட்டினேன். உன் தம்பி காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். உன் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு நான் அந்த வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தேன். கோயிலுக்கு நேர்ந்துகொண்டேன். படவேட்டில் மந்திரிக்கிறவரிடம் கயிறு வாங்கி வந்து உன் கையில் கட்டினேன். எதற்கும் நீ திரும்பவில்லை. நோய் கொல்வதற்கு முன்னால் நீயே போய்விடுவாய் என்று தெரிந்தது.

வேறு வழி தெரியாமல்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன். உன் டப்பாவை எடுத்தேன். கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, முள்ளைப் பிளேயரில் மாட்டி, தெரிந்தமட்டும் இறகை வைத்துச் சுற்றினேன். ரவிக்கை தைக்கிற கைதான், நூலை இறுக்கி இறுக்கிச் சுற்றியது. ஜாடியில் தண்ணீர் நிரப்பி உன் முகத்துக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடத்தில் வைத்தேன். பூச்சியை உள்ளே விட்டேன். அது ஒருபக்கம் சாய்ந்து சுற்றிக்கொண்டே அடியில் போய் உட்கார்ந்தது.

வெகுநேரம் நீ பார்த்துக்கொண்டிருந்தாய்.

"இன்னாமே அது, செத்த எலியாட்டம்?"

நாக்கு அப்போதே கொஞ்சம் குழறத் தொடங்கியிருந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். நீ எரிச்சலோடு சொன்னாய், "அழுவாத. பிரி அத்த. இறுக்கிக் கட்டி எறக சாவடிச்சிட்ட. லூசா வுடு."

"கஞ்சி குடி. அப்பால பிரிக்கிறேன்" என்றேன்.

குடித்தாய். பாதி மோவாயில் வழிந்தது. அப்படித்தான் ஆரம்பித்தது. நீ சொல்வாய், நான் கட்டுவேன். இறகு நீளம் என்பாய், வெட்டுவேன். கம்பி முன்னால் வேண்டும், அப்போதுதான் தலை குத்தி இறங்கும் என்பாய். ஆட்டுத்தாடி முடியைக் கலந்து பார்த்தோம், என் பழைய பட்டு ஜாக்கெட்டின் இழையைக் கலந்து பார்த்தோம். உனக்குக் கோபம் வரும்போது எனக்கு உயிர் வரும். திட்டு, இன்னும் திட்டு என்று மனசுக்குள் வேண்டிக்கொள்வேன்.

உன் பேச்சு நாளுக்கு நாள் குறுகியது. முதலில் மற்றவர்களுக்குப் புரியாமல் போனது, பிறகு எனக்கும். கடைசியில் கண் மட்டும் மிச்சம். மேலே பார்த்தால் சரி, சுவரைப் பார்த்தால் வேண்டாம். அதை யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை. இறகுகளை ஒவ்வொன்றாக உன் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பேன். உன் கண் சுவருக்குப் போகும். இன்னொன்றைத் தூக்குவேன். மறுபடி சுவர். இதோ இது மாமா, இதுதான் என்பேன். மேலே போகும்.

ஒரு நாள் ஜாடிக்குள் விட்ட பூச்சி தலை குத்தி இறங்கியது, நின்றது, வாலை ஒருமுறை உதறி, மார்பை விரித்து ஒடுக்கியது. நான் நரம்பை அசைக்கவே இல்லை. கையின் நடுக்கமே போதுமாக இருந்தது. உன்னைப் பார்த்தேன். உன் கண் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தது, கீழே இறங்கவே இல்லை.

"தடுப்பணைக்குப் போலாமா?" என்று கேட்டேன். அதற்கும் கண் மேலேயேதான் இருந்தது.

உன் தம்பி வேண்டாம் என்றான். "மூச்சு இப்டி வாங்குது, வழில எதனா ஆயிட்டா இன்னா அண்ணி பண்ணுவ?" என்றான். ஆனால் கேட்டுக்கொண்டே உன்னை முதுகில் தூக்கியும்விட்டான். நீ அவ்வளவு லேசாகிவிட்டிருந்தாய். ஓடைக்கரையில் உன்னைப் பாறையில் சாய்த்து, அவன் பின்னால் உட்கார்ந்து தலையைத் தாங்கிக்கொண்டான். நான் மூங்கில் கழியை எடுத்துக்கொண்டு புடவையைத் தூக்கிச் செருகித் தண்ணீரில் இறங்கினேன்.

விரால் மூச்சு வாங்க மேலே வரும், அப்போது இடம் தெரியும் என்று நீதான் சொல்லியிருந்தாய். காத்திருந்தேன். உன் மூச்சு எனக்குப் பின்னால் இரைந்துகொண்டிருந்தது. கோரைப்புல் ஓரத்தில் தண்ணீர் உப்பி உடைந்தது. அந்தப் பக்கம் பூச்சியைப் போட்டேன். இறங்கவிட்டேன். கொஞ்சம் இழுத்தேன். ஒன்றுமில்லை. மறுபடி போட்டேன். கருப்பாக ஒன்று பின்னாலேயே வந்தது, நின்றது, திரும்பிப் போய்விட்டது.

அப்போது நான் வேண்டியதுபோல வாழ்நாளில் எந்தச் சாமியையும் வேண்டியதில்லை மாமா. ஒரே ஒரு தடவை, இந்த மனுஷன் பார்க்கும்போதே என்று அந்த மீனிடமே கெஞ்சினேன். வாய்விட்டே கெஞ்சியிருக்கிறேன், உன் தம்பி பிறகு சொன்னான்.

அடுத்த தடவை பூச்சியை நான் இழுக்கவே இல்லை. விட்டுவிட்டேன். தண்ணீர் வெடித்தது. கழி என் கையை இழுத்துக்கொண்டு வளைந்தது. இடுப்பளவு தண்ணீருக்குள் போய்விட்டேன். "வுடாத அண்ணி, வுடாத!" என்று உன் தம்பி கத்தினான். ஒரு தடவை அதன் முதுகு மேலே தெரிந்தது, நம் கதவுச் சட்டம் போல அகலம். அப்புறம் கழி லேசாகிவிட்டது. நரம்பு அறுந்துபோய், காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"போச்சே மாமா" என்று கரையில் விழுந்து உன் காலைப் பிடித்துக்கொண்டு கதறினேன். மீனுக்காக அழவில்லை. நோய் வந்ததிலிருந்து உன் எதிரில் அடக்கி வைத்திருந்த எல்லாவற்றுக்கும் சேர்த்து அழுதேன். இனி உனக்குத் தர என்னிடம் எதுவும் இல்லை என்று அழுதேன்.

உன் தம்பி என் தோளைத் தொட்டான். "அண்ணி, அண்ணன் ஏதோ சொல்லுது."

நிமிர்ந்தேன். பேச்சு நின்று வெகுகாலமான வாய் கோணிக்கொண்டு அசைந்தது. காதை உன் உதட்டோடு வைத்தேன். மூச்சும் எச்சிலுமாக ஒரே சொல் வந்தது.

"நம்பிச்சி."

உன் முகமெல்லாம் ஈரம். சிரித்தாய் என்று நான் சொல்கிறேன். உன் தம்பி, அழுதாய் என்கிறான்.

அதன் பிறகு நீ அதிக நாள் இல்லை. நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் நீ மறுபடி சுவர்ப்பக்கம் போய்விடுவாய் என்ற பயத்திலேயே அடுத்த பூச்சியை ஆரம்பித்தேன், அதற்கடுத்ததையும் ஆரம்பித்தேன். ஒருநாள் மதியம் மழை தூறிக்கொண்டிருந்தது. பூச்சியை ஜாடிக்குள் விட்டுக் கேட்டேன், "மாமா, இன்னும் ஒரு எறகு வெக்கட்டுமா?"

உன் கண் ஜாடியின் மேலேயே இருந்தது. மேலேயும் போகவில்லை, சுவருக்கும் போகவில்லை. யோசிக்கிறாய் என்று நினைத்தேன். நரம்பை மெல்ல இழுத்து விட்டுக்கொண்டே காத்திருந்தேன். உள்ளே இறகு விரிந்து விரிந்து ஒடுங்கியது. "சொல்லு மாமா, வெக்கட்டுமா, வாணாமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். உன் தம்பி உள்ளே வந்து என் கையைப் பிடித்து நிறுத்தினபோதுதான், உன் மூச்சுச் சத்தம் இல்லாத வீடு எனக்குக் கேட்டது.

டப்பாவை உன்னோடு வைத்துவிடலாம் என்றார்கள். நான் கொடுக்கவில்லை. இப்போதும் எப்போதாவது கட்டுகிறேன். கை பழகிவிட்டது, நன்றாகத்தான் வருகிறது. சரியா என்று கேட்க ஆளில்லாமல் பாதியில் வைத்துவிடுகிறேன்.

தையல் வேலை நடக்கிறது. சாப்பிடுகிறேன், ஊரில் நாலு பேரோடு பேசுகிறேன். ஒன்றைத்தான் என்னால் விட முடியவில்லை. இன்று காலையில்கூட ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க ஒருத்தி வந்தாள். "கை கொஞ்சம் நீளமா வெக்கட்டுமா?" என்று கேட்டேன். அவள் வாய் திறந்து, நீளமாகவே வைக்கச் சொல்லியிருக்கிறாள். எனக்குக் காதில் விழவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

"இன்னாக்கா, எத்தினி வாட்டி சொல்றது? அப்டியே பாத்துங்கீற?" என்று அவள் பயந்துபோனாள்.

யாரிடம் எதைக் கேட்டாலும் இப்படித்தான் ஆகிறது மாமா. அவர்கள் கண் மேலே போகும்வரைக்கும் நான் காத்துக்கொண்டிருக்கிறேன்.