நான் இல்லாத வீடு

ஸ்டோர்விக்,
9 ஜனவரி 2019

அன்புள்ள ராக்னா அக்கா,

போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்பா தினமும் என் போனைப் பார்க்கிறார், அதனால்தான் காகிதம். பதிலைப் பள்ளி நூலகத்துக்கு அனுப்பு. தூருன் டீச்சர் பிரிக்காமல் கொடுப்பார்.

உன் நாவலைப் படமெடுக்க வந்தவர்களுக்கு நம் படகுக் கொட்டகையை வாடகைக்கு விட்ட பெருமை அப்பாவுக்கு இன்னும் தீரவில்லை. நாவலை அவர் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "எம் பொண்ணு எழுதினது, மீன்காரங்க கதை" என்று கடைக்காரர் ஓட்வாரிடம் சொன்னார்.

"அப்போ வில்லன் நீதானாய்யா?" என்றார் ஓட்வார். கடையே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். நான் கடையைவிட்டு வெளியே வந்துவிட்டேன். நான்தான் படித்துவிட்டேனே.

25ஆம் தேதி வெள்ளிக்கிழமை ஊர் மன்றத்தில் படம். முதல் வரிசையில் இரண்டு இடம் சொல்லி வைத்திருக்கிறார். பெற்ற மகளைக் கொட்டகையில் பூட்டிவைக்கும் தகப்பனை ஊரோடு உட்கார்ந்து பார்ப்பார். பிறகு என்னோடு வீட்டுக்கு வருவார். நீ போன பிறகு அங்கே பூட்டப்படுவது யாரென்று உனக்குத் தெரியாதா அக்கா? அதற்குள் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போ.

உன் தீரில்


ஓஸ்லோ,
17 ஜனவரி

என் செல்லத் தீரில்,

உன் கடிதம் வந்ததிலிருந்து தூக்கமே இல்லை. ஆனாலும் நீ பயப்படாதே. பெயர்களையெல்லாம் மாற்றியிருக்கிறேன். அப்பா தன்னை அடையாளம் கண்டுகொள்கிற மனிதர் இல்லை. உன்னை நாவலில் சேர்க்காததும் உன் நன்மைக்குத்தான். சின்னப் பெண்ணைப் பற்றி எழுத வேண்டாமென்று பதிப்பக வக்கீலும் சொன்னார்.

அந்த வாரம் வெளிநாட்டில் படவிழா, போவதாக ஒப்புக்கொண்டுவிட்டேன். பிப்ரவரியில் கட்டாயம் வருகிறேன். அதுவரை அவரிடம் எதிர்த்துப் பேசாதே. கம்பளிச் சட்டை அனுப்பியிருக்கிறேன், போட்டுக்கொள்.

ஆயிரம் முத்தங்களுடன்,
ராக்னா


ஸ்டோர்விக்,
27 ஜனவரி

ராக்னா,

விரல்கள் வீங்கியிருக்கின்றன. எழுத்து கோணலாகத்தான் வரும்.

படம் பார்த்தோம். கடைசியில் அந்த மகள் படகேறித் தப்பித்ததும் பெண்களெல்லாம் அழுதார்கள். பிறகு காலி வீட்டை வெகுநேரம் காட்டினார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். யாரும் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. காப்பியும் வாஃபிளும் கொடுத்தார்கள். "பொண்ணுக்குக் கற்பனை ஜாஸ்திய்யா" என்றார் ஓட்வார். இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

அப்பா என்னை வீட்டுக்கு அழைத்துப் போகவில்லை. கொட்டகை வாசலில் நின்று சாவியை எடுத்தார். "பாத்தியாடி? கதையில நீ இல்லவே இல்ல. உன்னை யாரு தேடப் போறா?"

மறுநாள் காலைவரை அந்தக் குளிரில் உள்ளே இருந்தேன். உன் சட்டை வீட்டில் இருந்தது.

நாளை தூருன் டீச்சரிடம் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். பயமாகத்தான் இருக்கிறது. இப்போதுகூட மாடிப்படியில் சத்தம் கேட்டால் பேனா நின்றுவிடுகிறது. ஆனாலும் சொல்லுவேன். குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து வந்து, என்னை அழைத்துப்போக உறவு யாராவது இருக்கிறார்களா, அக்கா உண்டா என்று கேட்பார்கள்.

இல்லை என்று சொல்வேன்.

தீரில்